கடுங்குளிரும் கோடைப் பூச்சிகளும்

குளிர் நாடுகளிலே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மார்கழியிலும் தையிலும் குளங்கள் கல்லாய் உறைந்து, வெண்பனி வீட்டு வாயிலை மூடி, விட்ட மூச்சு கண்முன்னே புகையாய்த் தோன்றும் கடுங்குளிர் வரும்பொழுது, அந்நாட்டு உழவன் தன் மனத்தைத் தானே தேற்றிக்கொள்கிறான். "குளிர் கொடியதுதான், ஆயினும் இந்தக் குளிரிலே பூச்சியும் புழுவும் மடிந்தொழியும், வருகிற கோடையிலே பயிர் பிழைக்கும்" என்பதே அவனுடைய ஆறுதல். நுளம்புக் கடிக்கு அஞ்சும் நகரத்து மக்களும் அதையே சொல்லி ஆறியிருக்கின்றனர்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யானது? கடுங்குளிருக்குப் பின் வரும் கோடையிலே பூச்சிகள் உண்மையாகவே குறைகின்றனவா? கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றினும், இதனோடு பல கோடி மரங்களின் உயிரும், அம்மரங்களை நம்பி வாழும் ஊர்களின் பிழைப்பும், வயல்களிலே தெளிக்கப்படும் நஞ்சின் அளவும் பிணைந்து கிடக்கின்றன. ஆகவே இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமாகும்.

முதலாவதாக, பூச்சியின் உடலமைப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மனிதனும் ஆடுமாடுகளும் பறவைகளும் தம் உடலின் சூட்டைத் தாமே உண்டாக்கிக் காத்துக்கொள்கின்றன. பூச்சிக்கோ அந்த வசதி பெரும்பாலும் இல்லை. சுற்றிலும் உள்ள காற்றோ மண்ணோ எவ்வளவு குளிராக இருக்கிறதோ, பூச்சியின் உடலும் ஏறக்குறைய அவ்வளவு குளிர்ந்துவிடும். உடலிலே நிறைந்திருப்பது நீர். நீர் உறைந்தால் கூரிய பனிப் படிகங்கள் தோன்றும். அவை உயிரணுக்களைச் சிதைத்துவிடும். அவ்வாறாயின், ஆறு மாத காலம் பனியிலே புதைந்து கிடக்கும் நாடுகளிற் பூச்சியினமே அற்றுப்போயிருக்க வேண்டும். ஆனால் பனி உருகி, முதல் இலை துளிர்த்ததும், எங்கிருந்தோ அவை வந்துவிடுகின்றன. அவை எங்கே இருந்தன? எவ்வாறு பிழைத்தன?

இவ்வினாவுக்கு முதன்முதல் சோதனை வழியாக விடை தேட முற்பட்டவர்களுள் ஒருவர் றெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1734 ஆம் ஆண்டு முதல் 1742 ஆம் ஆண்டுவரை அவர் வெளியிட்ட பூச்சிகளின் வரலாறு பற்றிய பெருநூல் இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்றாகும். பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து கடுங்குளிரை உண்டாக்கி, அதனுள்ளே பலவகைப் புழுக்களை வைத்துப் பார்த்தார் அவர். சில புழுக்கள் கல்லைப்போல உறைந்து விறைத்தன. வேறு சிலவோ, அதே குளிரிலே உறையாமல் நெகிழ்ச்சியோடு இருந்தன. எல்லாப் பூச்சிகளின் உடல் நீரும் ஒரே தன்மையது அன்று என்பது அப்பொழுதே புலனாயிற்று.

அந்த வேறுபாட்டின் இரகசியம் வெளிப்பட இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கனடா நாட்டின் அல்பேர்ட்டா மாகாணத்திலே, லெத்பிறிட்ஜ் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த சோல்ற் என்னும் பூச்சியியலாளர், குளிர்காலப் பூச்சிகளின் உடலிலே கிளிசரோல் என்னும் பொருள் நிறைந்திருப்பதை 1957 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். கிளிசரோல் என்பது இனிப்பான, தடித்த, நிறமற்ற திரவம். மருந்துகளிலும் சவர்க்காரத் தொழிலிலும் பலரும் அறிந்தது. குளிர்நாட்டு மோட்டார் வண்டிகளிலே, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உறைந்துவிடாதிருக்க அதனுடன் ஒரு திரவத்தைக் கலந்து விடுகிறார்கள் அல்லவா? மனிதன் வண்டிக்குச் செய்யும் அந்தக் காரியத்தைப் பூச்சி தன் உடலுக்குத் தானே செய்துகொள்கிறது. இலையுதிர் காலத்திலே பகல் குறுகத் தொடங்கும்பொழுதே, பல பூச்சிகள் உண்பதை நிறுத்தி, வளர்ச்சியை ஓய்வுக்கு விட்டு, உடலிலே சேர்த்துவைத்த உணவின் ஒரு பகுதியைக் கிளிசரோலாகவும் அதனையொத்த வேறு பொருள்களாகவும் மாற்றத் தொடங்கிவிடுகின்றன. இவ்வாறு ஆயத்தமான சில புழுக்களின் உடல் நீர், உறைநிலைக்குக் கீழே 40 பாகைக்கும் அப்பாற் சென்றும் உறையாமல் நிற்கிறது. இவ்வுரையிலே பாகை எனக் குறிப்பிடப்படுவது, வேறாகக் கூறப்பட்டாலன்றி, சதமபாகையே ஆகும்.

பூச்சிகள் கையாளும் வழிகள் இரண்டு. ஒன்று, மேலே கூறியதுபோல, உடலை உறையவிடாமற் காத்துக்கொள்வது. இவ்வழியைக் கையாளும் பூச்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே குளிர் இறங்கினால் உடல் சடுதியாக உறைந்து, உயிர் போய்விடும். மற்றைய வழி, உடல் உறைவதையே ஏற்றுக்கொண்டு பிழைத்திருப்பது. வட அமெரிக்காவிலே பொற்கோல் என்னும் காட்டுச்செடியின் தண்டிலே உருண்டையான புடைப்பொன்றை உண்டாக்கி, அதனுள்ளே வாழும் ஒரு சிறு ஈயின் புழு இவ்வகையைச் சேர்ந்தது. அதன் உடல் நீரிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகிவிடும். தொட்டால் மணற்கல்லைப் போல இருக்கும். வசந்தம் வந்ததும் அதே புழு உருகி, அசைந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறந்துவிடும். பனிப்படிகம் பெரும்பாலும் உயிரணுக்களுக்கு வெளியே உண்டாகுமாறு அதன் உடல் ஒழுங்குபட்டிருப்பதே இதற்குக் காரணம்.

எனவே, குளிர் கடுமையாக இருந்தது என்ற ஒன்றைக் கொண்டே பூச்சிகள் மடிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடல் இயலாது. எந்தப் பூச்சி, எந்தப் பருவத்தில், எங்கே ஒதுங்கியிருந்தது என்பதைக் கேட்டல் வேண்டும். உண்மையான மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனைத் தெளிவாக்கலாம்.

முதலாவது நிகழ்ச்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சோள வயல்களிலே நடந்தது. 1897 ஆம் ஆண்டிலே ஸ்ருவேட் என்னும் அறிஞர் சோளப் பயிரை வாட்டி அழிக்கும் ஒரு பற்றீரியா நோயை விவரித்திருந்தார். 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அந்நோய் பெருகி, இனிப்புச் சோளம் பயிரிட்டோரைக் கலங்கச் செய்தது. சில ஆண்டுகளில் நோய் பரவியது. சில ஆண்டுகளில் இருக்கும் இடம் தெரியவில்லை. நிலமும் விதையும் ஒன்றே. விளைவு மட்டும் வேறு. இதன் காரணத்தை ஆராய்ந்த ஸ்ரீவன்ஸ் என்னும் தாவர நோயியலாளர், கோடையின் மழையையும் வெயிலையும் மட்டும் நோக்கியிருக்கவில்லை. முந்திய குளிர்காலத்தின் கணக்கையே புரட்டிப் பார்த்தார். டிசம்பர், ஜனவரி, பெப்ருவரி ஆகிய மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலைகளைப் பரனைற்றுப் பாகையிலே கூட்டினார். கூட்டுத்தொகை 100 ஐத் தாண்டினால் வரும் கோடையில் நோய் கடுமையாகும். 90 க்குக் குறைந்தால் நோய் அரிதாகும் என்று 1934 ஆம் ஆண்டிலே அறிவித்தார்.

குளிர்காலத்துக்கும் கோடை நோய்க்கும் நடுவே நின்ற இணைப்பு யாது? அது ஒரு சிறு தத்து வண்டு. கடுகளவே உள்ள அந்தக் கரிய வண்டு, வயலோரப் புற்களின் அடியிலே முழு வண்டாகவே குளிர்காலத்தைக் கழிக்கிறது. நோய்க் கிருமியும் அதன் வயிற்றிலேயே தங்கியிருக்கிறது. குளிர் மிகுந்தால் வண்டு மடியும். வண்டோடு கிருமியும் மடியும். குளிர் தணிந்திருந்தால் இரண்டும் பிழைத்து, இளம் பயிரைத் தேடி வரும். மூன்று எண்களைக் கூட்டத் தெரிந்த எந்த உழவனும், விதை வாங்குவதற்கு முன்னரே, நோயைத் தாங்கும் இனத்தை விதைப்பதா சாதாரண இனத்தை விதைப்பதா எனத் தீர்மானிக்க வழி பிறந்தது. பழைய நம்பிக்கை இங்கே முற்றும் மெய்யாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி இங்கிலாந்தைச் சேர்ந்தது. அங்கே சீனி எடுப்பதற்காகப் பீற்றுக்கிழங்கு பெருவாரியாகப் பயிரிடப்படுகிறது. அப்பயிரின் இலைகளை மஞ்சளாக்கி விளைச்சலைக் குறைக்கும் வைரசு நோயைக் காவிச் செல்வது பச்சை நிறமான ஓர் அழுக்கணவன். செடிப்பேன் என்றும் இதனைக் கூறுவர். இந்த அழுக்கணவன் இங்கிலாந்திலே பெரும்பாலும் முட்டையாக அன்றி, உயிரோடு நடமாடும் நிலையிலேயே, களைகளின் மீதும் கோவா இனப் பயிர்களின் மீதும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகையால் உறைபனி அதனை நேரே தாக்குகிறது. அதே தோட்டத்திலே காணப்படும் கரிய அவரை அழுக்கணவனோ, மரக்கிளைகளிலே முட்டையாகக் குளிர்காலத்தைக் கழிப்பது. அதன் முட்டை கடுங்குளிரையும் எளிதிலே தாங்கும். ஒரே குளிர், ஒரே தோட்டம், நெருங்கிய உறவுடைய இரு பூச்சிகள். ஒன்று அழிகிறது, மற்றையது கவலையின்றி உறங்குகிறது.

றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தார் 1964 ஆம் ஆண்டு முதல், 12 மீற்றருக்கு மேல் உயரமான குழாய்களை நிறுத்தி, காற்றை உறிஞ்சி, அதனோடு பறந்துவரும் அழுக்கணவன்களைப் பிடித்து எண்ணி வந்திருக்கின்றனர். நாள்தோறும் எண்ணப்பட்ட அந்தக் கணக்குகள் பல்லாண்டுகளாகச் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஜனவரி, பெப்ருவரி மாதங்களின் சராசரி வெப்பநிலை ஒரு பாகை கூடினால், இப்பச்சை அழுக்கணவனின் முதற் பறப்பு ஏறக்குறைய இரண்டு கிழமை முந்திவிடுகிறது. இரண்டு கிழமை என்பது சிறிது போலத் தோன்றலாம். ஆனால் பீற்றுப் பயிர் முளைத்துச் சில இலைகளே விட்டிருக்கும் இளம் பருவத்திலே நோய் தொற்றினால் விளைவு பெரிதும் குன்றும். முதிர்ந்தபின் தொற்றினால் அவ்வளவு தீங்கில்லை. ஆகவே அந்த இரு கிழமைகளே உழவனின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்துவிடுகின்றன.

2019 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் குளிர்காலம் மிகவும் மென்மையாக இருந்தது. அதன் பின்வந்த கோடையிலே மஞ்சள் நோய் பரவி, நாட்டின் பீற்று விளைச்சல் வழமையிலும் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. தேனீக்களுக்குத் தீங்கு செய்வதனால் 2018 ஆம் ஆண்டிலே வெளிவயல்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்த ஒரு வகை விதை மருந்தை மீண்டும் பயன்படுத்த அனுமதி வேண்டுமென உழவர்கள் கேட்டனர். தேனீக்களைக் காக்க விரும்பியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 2021 ஆம் ஆண்டு ஜனவரியிலே அரசாங்கம் ஒரு நிபந்தனையோடு அனுமதி வழங்கியது. குளிர்காலம் முடிந்தபின் செய்யப்படும் மதிப்பீட்டின்படி, பயிரில் 100 க்கு 9 பங்குக்கு மேல் நோய் வருமெனக் கண்டால் மட்டுமே அம்மருந்தை உபயோகிக்கலாம் என்பதே நிபந்தனை. அதன்பின் பெப்ருவரியிலே கடுங்குளிர் வந்தது. மார்ச்சு முதலாந் தேதி மதிப்பீடு 9 பங்குக்குச் சற்றுக் கீழே நின்றது. அவ்வாண்டு மருந்து பயன்படுத்தப்படவில்லை. அடுத்த ஆண்டிலே எல்லை 19 பங்காக உயர்த்தப்பட்ட போதிலும், மென்குளிர்காலத்தின் விளைவாக மதிப்பீடு அதனையும் வெகுதூரம் கடந்தது, மருந்தும் பயன்படுத்தப்பட்டது. மனிதர் எவ்வளவோ வாதிட்டும் முடிவுகாணாத வழக்கிலே, அந்த இரண்டு ஆண்டுகளும் உறைபனியே தீர்ப்பு வழங்கியது எனலாம்.

மூன்றாவது நிகழ்ச்சி இவற்றிலும் பெரியது. கனடாவின் மேற்குக் கரையிலே பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் பெரிய மாகாணம் உளது. அதன் உள்நாட்டுப் பகுதியெங்கும் பைன் மரக் காடுகள் பரந்து கிடக்கின்றன. அக்காடுகளிலே, அரிசி மணியளவே உள்ள ஒரு கரிய வண்டு தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறது. மலைப் பைன் வண்டு என்பது அதன் பெயர். கோடையின் நடுவிலே பெண் வண்டு முதிர்ந்த மரமொன்றைத் தேர்ந்து, பட்டையைத் துளைத்து உட்சென்று, ஒரு மணத்தை வெளிவிடும். அந்த மணம் மற்றைய வண்டுகளுக்கு அழைப்பாகும். நூற்றுக்கணக்கான வண்டுகள் ஒரே மரத்தின்மீது படையெடுக்கும். மரம் பிசினைச் சுரந்து எதிர்க்கும். படை பெரிதாயின் எதிர்ப்புத் தோற்கும். வண்டுகள் காவிவரும் பங்கசு மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடும். அடுத்த கோடையிலே பச்சை ஊசியிலைகள் செந்நிறமாகும். பின்னர் அவையும் உதிர்ந்து, மரம் சாம்பல் நிறமான எலும்புக்கூடாய் நிற்கும்.

பட்டையினுள் இடப்பட்ட முட்டைகள் பொரித்து, புழுப் பருவத்திலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நன்றாக ஆயத்தமான புழு, நடுக்குளிர் காலத்திலே ஏறக்குறைய 40 பாகைக் குளிரையும் தாங்கவல்லது. அதனை அழிக்க வேண்டுமாயின், அத்தகைய கடுங்குளிர் சில நாட்களேனும் தொடர்ந்து நிற்றல் வேண்டும். ஏனெனில் மரப்பட்டை ஒரு போர்வையாகும். அடிமரத்தை மூடிய வெண்பனி மற்றொரு போர்வையாகும். ஆனால் இலையுதிர் காலத்தின் இறுதியிலே, புழு இன்னும் கிளிசரோலைப் போதியளவு சேர்த்துக்கொள்ளாத வேளையிலே, 25 பாகையளவான குளிர் சடுதியாக வந்தாலும் போதும். புழுக்கள் திரளாக மடிந்துவிடும். அதேபோல, வசந்தத்தின் தொடக்கத்திலே அப்பாதுகாப்புக் கரைந்துவிட்ட பின்னர் வரும் குளிரும் கொல்லும். எவ்வளவு குளிர் என்பதிலும், எப்பொழுது வந்த குளிர் என்பதே இங்கே முக்கியமாகிறது. சில்கோற்றின் மேட்டுநிலத்திலே பல ஆண்டுகளாகப் பரவியிருந்த வண்டுத் தொல்லை, 1984, 1985 ஆம் ஆண்டுகளில் வேளைக்கு முந்தி வந்த கடுங்குளிரினாலேயே அடங்கியது.

1990 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே மீண்டும் வண்டு பெருகத் தொடங்கியது. இம்முறை அதனை அடக்கக் குளிர் வரவில்லை. குளிர்காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மென்மையாகவே கழிந்தன. காட்டுத்தீயைப் பல்லாண்டுகளாக அணைத்துவந்ததன் பயனாக, வண்டுக்கு விருப்பமான முதிர்ந்த பைன் மரங்களும் முன்னெப்போதையும்விட மிகுதியாக நின்றன. குற்றம் குளிர்காலத்தினது மட்டும் அன்று என்பதை இங்கே கூறாமல் விடுதல் முறையன்று. உணவு மிகுந்தது, காவலாளி வரவில்லை, வண்டு பெருகியது. அந்தப் பெருக்கு ஓயுமுன் 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேயர் காடு அதனாற் பாதிக்கப்பட்டது. இது இலங்கைத் தீவின் முழுப் பரப்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகமாகும். மாகாணத்திலே விற்பனைக்குரியதாயிருந்த பைன் மரத்திலே பாதிக்கு மேல் இறந்துபட்டது.

இதன் விளைவு காட்டோடு நிற்கவில்லை. இறந்த மரம் கெடுமுன் வெட்டியெடுத்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், சில ஆண்டுகள் மரம் அரியும் ஆலைகள் இரவுபகலாக உழைத்தன. பங்கசினால் நீலம் பாய்ந்த பலகைகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் வெட்டுவதற்குத் தக்க மரம் குறைந்தது. கெனெல், ஹியூஸ்ரன் முதலிய ஊர்களிலே 2014 ஆம் ஆண்டில் ஆலைகள் மூடப்பட்டன. மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு தொழிலையும் வேறு ஊரையும் தேட நேர்ந்தது. இறந்த மரங்கள் மட்கும்பொழுது அவற்றிலிருந்த கரி காபனீரொட்சைட்டாகக் காற்றிலே கலக்கிறது. காற்றிலுள்ள கரியை உறிஞ்சிவந்த அக்காடு, வண்டின் தாக்குதலால் கரியை வெளிவிடும் காடாக மாறிவிட்டதென்று 2008 ஆம் ஆண்டிலே கனடிய விஞ்ஞானிகள் கணக்கிட்டுக் காட்டினர்.

வண்டு அவ்வளவில் நில்லாது, 2006 ஆம் ஆண்டிலே பெருங்கூட்டமாகக் காற்றோடு எழுந்து, றொக்கி மலைத்தொடரைக் கடந்து, அல்பேர்ட்டா மாகாணத்திலே இறங்கியது. அங்கிருந்து கிழக்கே, கனடாவின் குறுக்கே, வேறோர் இனப் பைன் மரம் தொடர்ந்து வளர்ந்துள்ளது. அந்த மரத்திலும் வண்டு வாழக் கற்றுக்கொண்டமை அறிஞர்களைக் கவலைகொள்ளச் செய்தது. ஆனால் 2019 ஆம் ஆண்டின் பெப்ருவரியிலும் 2020 ஆம் ஆண்டின் ஜனவரியிலும் அல்பேர்ட்டாவிலே பழைய காலத்தை நினைவூட்டும் கடுங்குளிர் வந்தது. வண்டு பற்றிய மரங்களை வெட்டி அகற்றும் முயற்சியும் கூடவே நடந்தது. அதன்பின் அம்மாகாணத்திலே வண்டின் தொகை பெரிதும் வீழ்ந்தது. வராதிருந்த காவலாளி, காலந்தாழ்த்தியேனும் அங்கே வந்து சேர்ந்தான்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் கேட்ட நேயர்கள், குளிர் கூடக்கூடப் பூச்சி குறையும் என்றே எண்ணக்கூடும். அதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. பொற்கோற் செடியிலே வாழும் ஈயின் புழு உறைந்தும் பிழைப்பது என முன்னர்க் கூறப்பட்டது. அப்புழுக்களுள்ளே சற்று வெதுவெதுப்பான இடத்திற் குளிர்காலத்தைக் கழித்தவற்றையும், நன்கு குளிர்ந்த இடத்திற் கழித்தவற்றையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2003 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவ்வாய்வின்படி, குளிர்ந்த இடத்திற் கிடந்தவையே அதிகமாகப் பிழைத்தன. அவற்றிலிருந்து வந்த ஈக்களே அதிக முட்டைகளையும் கொண்டிருந்தன. காரணம் எளிது. குளிர்காலம் முழுவதும் புழு எதையும் உண்பதில்லை. இலையுதிர் காலத்திலே சேர்த்த கொழுப்பையே நம்பியிருக்கிறது. குளிர் மிகுந்தால் உடலின் அலுவல்கள் ஏறக்குறைய நின்றுவிடும், சேமிப்பும் செலவாகாது. வெப்பம் சற்றுக் கூடினாலோ உடல் விழித்துச் சேமிப்பைத் தின்னத் தொடங்கும். வசந்தம் வரும்பொழுது கையிருப்பு அற்றுவிடும். பட்டினியால் இளைத்த தாய் நிறைய முட்டையிடுவது எவ்வாறு?

பட்டுப்புழுவின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. ஆண்டுக்கொரு தலைமுறை மட்டும் காணும் பட்டுப்பூச்சியினத்தின் முட்டை, சில மாதங்கள் குளிரைக் கண்ட பின்னரே ஒழுங்காகப் பொரிக்கும். வசந்தம் வரும்வரையிலும் அதற்கப்பாலும் அம்முட்டைகளைக் குளிரிலே வைத்திருந்தால் அவை பொரிக்கும் காலத்தையும் தள்ளிப்போடலாம். இதனை அறிந்த யப்பானியர், மலைப்பாறைகளின் இடுக்குகளிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வீசும் இடங்களிலே களஞ்சியங்கள் அமைத்து, பட்டுப்புழு முட்டைகளைச் சேமித்தனர். அவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட அரபுனே குளிர்க்காற்றுக் களஞ்சியம், 2014 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இத்தகைய உயிர்களுக்குக் குளிர் பகைவனன்று, நாட்காட்டி போன்றது.

வெண்பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் அவசியம். பனியைக் கண்டால் குளிர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பஞ்சுபோற் காற்றை அடக்கிக் கிடக்கும் வெண்பனி, நிலத்துக்கு ஒரு கம்பளிப் போர்வை. மேலே 30 பாகைக் குளிர் வீசினாலும், முழங்காலளவு பனியின் கீழே மண்ணின் வெப்பநிலை உறைநிலையை அண்டியே இருக்கும். மண்ணிலும் சருகிலும் ஒதுங்கிய பூச்சிகள் அங்கே பத்திரமாக உறங்கும். ஆகையால், குளிர் மிதமாயிருந்தும் பனி விழாத குளிர்காலமே அவற்றுக்கு அதிக கேடாக முடிவதும் உண்டு. குளிர்காலங்கள் மென்மையாகிப் பனி அருகிவரும் நாடுகளிலே, வெற்று நிலத்தின்மீது எப்போதாவது வரும் ஒரு கடுங்குளிர் இரவு மண்வாழ் பூச்சிகளை முன்னிலும் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்தாகும்.

குளிர்காலம் தன் கணக்கை முடித்த பின்னும் கோடையின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அழுக்கணவன் துணையின்றியே குட்டிகளை ஈன்று பெருகும் இனம். நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும், வசந்தம் சூடாக அமைந்தால் சில கிழமைகளிலே இழந்ததை ஈடுசெய்துவிடும். நுளம்பின் கோடைப் பெருக்கத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வசந்த மழையும் தேங்கிய நீருமே. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் உள்ளன. குளிர் அவற்றையும் கொல்லும். காவலரும் கள்வரும் ஒருங்கே மடிந்தால், எவர் முதலிற் பெருகுகின்றனர் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

இலங்கையிலே உறைபனி காண விரும்புவோர் தை, மாசி மாதத்து அதிகாலையில் நுவரெலியாவுக்குச் செல்லல் வேண்டும். இத்தீவிலே பூச்சியினத்தை அடக்கும் காவல் குளிரினிடம் இல்லை. மழையினிடமும் வெள்ளத்தினிடமுமே இருக்கிறது. அக்காவல் தவறியதன் விளைவை 1934 ஆம் ஆண்டிலே இந்நாடு கண்டது. அவ்வாண்டிலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வெள்ளம் பாய்ந்து நுளம்புக் குடம்பிகளை அடித்துச் செல்லவேண்டிய ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகியது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே ஏறக்குறைய 80,000 மக்கள் மாண்டனர். கனடாவின் காட்டிலே வராத குளிர் செய்ததை, இலங்கையின் ஆறுகளிலே வராத மழை செய்தது. இயற்கையின் பருவங்கள் ஒவ்வொன்றும் ஏதோவோர் உயிரின் பெருக்கத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பருவம் தவறும்பொழுதுதான் எல்லை எங்கே இருந்தது என்பதே தெரியவருகிறது.

ஆகவே, குளிர் நாட்டு உழவனின் பழைய நம்பிக்கையை மூட நம்பிக்கையென்று தள்ளிவிடுதல் கூடாது. அப்படியே ஏற்றுக்கொள்ளுதலும் கூடாது. சோள வயலின் தத்து வண்டுக்கும் பீற்று வயலின் அழுக்கணவனுக்கும் அது பொருந்தும். பைன் மர வண்டுக்கு, குளிர் தக்க வேளையில் வந்தால் பொருந்தும். பொற்கோற் செடியின் ஈக்குப் பொருந்தாது. உலகம் வெப்பமடைந்து, குளிர்காலங்கள் தம் இயல்பு மாறிவரும் இக்காலத்திலே, எந்தப் பூச்சியை எந்தக் குளிர் அடக்கியது என்ற அறிவு முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. அவ்வறிவு, பனியிலே இறங்கி மரப்பட்டையை உரித்து உயிருள்ள புழுவையும் இறந்த புழுவையும் எண்ணுகின்றவர்களாலும், நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைக்கின்றவர்களாலுமே சேர்க்கப்பட்டு வருகிறது. அவர்கள் குறித்துவைத்த எண்களை நம்பியே, அடுத்த கோடைக்கு எந்த விதையை வாங்குவது, மருந்தைத் தெளிப்பதா விடுவதா என்பதை உழவன் தீர்மானிக்கிறான்.